ஏழடிக் கொடி, இரண்டடி மிஷின்

அத்தியாயம் 4

கதவில் ஒரு வெற்றிலைக் கொடி ஏறிக்கொண்டிருந்தது.

கீழே நிலைப்படியருகே சுருண்டு எழுந்து, இலை இலையாக வளைந்து, ஆள் உயரத்தைத் தாண்டி, உச்சியில் ஒரு தளிரில் போய் முடிந்தது. இரட்டைக் கதவின் ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை அடி அகலம், ஒரே வேங்கைப் பலகை. ஒட்டும் இல்லை, இணைப்பும் இல்லை. திம்மராயன் டேப்பை மறுபடி இழுத்து அளந்தான். மறுபடியும் ஏழடிதான்.

"குறையலியா சார்?" என்றாள் பொற்கொடி. "மார்கழியில வந்து அளப்போம். ஓசூர்க் குளிருக்கு மரமும் கொஞ்சம் ஒடுங்கும்."

"பேசாம நில்லு. யோசிக்கறேன்ல."

"யோசிங்க. நான் அதுக்குள்ள டாக்டரம்மா குடுத்த காப்பியக் குடிச்சிருதேன். ஒங்களுதையும் சேத்து."

ஓசூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பேக்கரியின் மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவன் திம்மராயன். மாப்பிள்ளை பற்றி விசாரிப்பது, தொழிற்சாலைகளில் இரும்புத் துண்டு கடத்துகிறவனைப் பிடிப்பது, இவைதான் அவனுக்கு வழக்கமான சோறு. அதற்கு முன்பு ஒரு தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கும் பிரிவில் இருந்தவன். ஒரு பொருள் எப்படி உருவானது என்று தெரியாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. பொற்கொடி அவனுடைய உதவியாளர். விருதுநகர்ப் பக்கத்துக்காரி. வந்து இரண்டு வருஷமாகிறது. வேலை சம்பந்தமில்லாத ஒரு கேள்வியை அவளிடம் கேட்க வேண்டும் என்று திம்மராயன் பல மாதமாக நினைத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்து, 'டீ சொல்லட்டுமா?' என்று கேட்டு முடித்துவிடுவான்.

இந்தக் கதவு வழக்கைக் கொண்டுவந்தவர் பூபதி. சிப்காட் தொழிற்பேட்டை அருகே மரச்செதுக்குப் பட்டறை வைத்திருக்கிறவர். கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுத்தால் மிஷின் தானே செதுக்கும். பலகையைப் படுக்கையில் கிடத்திக் கட்டிவிட வேண்டும். மேலே சுழலும் உளி, படம் சொன்ன இடத்துக்கெல்லாம் போய் மரத்தைத் தின்றுகொண்டே வரும். உளி எட்டுகிற தூரம் எவ்வளவோ, அவ்வளவுதான் படுக்கை. ஓசூரில் இந்தத் தொழில் புதிது. ஆனால் அதற்குள் ஒரு பழக்கம் ஊன்றிவிட்டது. யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, 'உங்களுது எத்தனை அடி?' என்பதுதான். பதில்தான் அப்புறம் ஆளுக்குப் பெயர். பூபதி, எட்டடி பூபதி. ராயக்கோட்டை ரோட்டில் பழைய ஜெராக்ஸ் மிஷின் கம்பிகளையும் மோட்டார்களையும் வைத்துத் தானே ஒரு மிஷின் கட்டிக்கொண்டவன், ரெண்டடி சக்தி.

மத்திகிரியில் புது வீடு கட்டிய டாக்டர் லாவண்யா, தலைவாசல் கதவை எட்டடியிடம் கேட்டுவிட்டு ரெண்டடியிடம் கொடுத்துவிட்டார். கிரகப்பிரவேசத்துக்குப் போன பூபதி, கதவைப் பார்த்துவிட்டுப் பந்தியில் உட்காராமலே திரும்பி வந்தார்.

"எனக்கு வயித்தெரிச்சல்னு நெனைக்காதீங்க" என்று அவர் அலுவலகத்தில் சொன்னபோது, வயிறு எரிகிற மனுஷனின் முகம் எப்படியிருக்கும் என்று திம்மராயனுக்கு நன்றாகவே தெரிந்தது. "ரெண்டடி படுக்கைல ஏழடிக் கொடி எப்படிங்க வரும்? இந்த வட்டாரத்துல எட்டடி மிஷின் எங்கிட்ட மட்டுந்தான் இருக்குது. அப்ப என் மிஷின்லதான் வெட்டியிருக்கான். பட்டறைச் சாவி ஆபரேட்டர் செல்வங்கிட்ட. ஞாயித்துக்கிழமை செல்வம் அந்தச் சக்தியோட ஷெட்டுக்குப் போனதப் பாத்த ஆளு இருக்குது. எதுக்குடா போனேன்னா வாயே தொறக்க மாட்டேங்கறான்."

"நாங்க என்ன செய்யணும்?"

"மிஷின் விசயம் தெரிஞ்சவர் நீங்க. 'ரெண்டடில முடியாது'ன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. இன்னைக்குச் சாயங்காலமே செல்வத்தக் கூட்டிக்கிட்டுப் போலீசுக்குப் போயிடறேன்."

போலீஸ் கேஸ் விழுந்தவனைச் சிப்காட்டில் எந்தக் கம்பெனி வாசலும் உள்ளே விடாது. செல்வத்துக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். திம்மராயன் சொல்லப்போகிற அந்த ஒரு வார்த்தையில் அவன் பிழைப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

ராயக்கோட்டை ரோட்டில் தக்காளி லாரிகளுக்கு நடுவே பொற்கொடி ஸ்கூட்டியை ஓட்ட, பின்னால் உட்கார்ந்து திம்மராயன் விளக்கிக்கொண்டே வந்தான்.

"பலகைய ரெண்டடி வெட்டி, தள்ளி வச்சு, மறுபடி ரெண்டடி வெட்டலாம். யாரு வேணாலும் தள்ளலாம். ஆனா கையால தள்ளுனா சரியா வராது. இந்த முனையில நூல் அளவு சாஞ்சா அந்த முனையில விரல் அளவு சாயும். ஒரு பெரிய கோலத்த நாலு பேப்பர்ல தனித்தனியாப் போட்டு ஒட்டிப் பாரு. கோடு கோட்டோட சேராது. இங்க கொடி எங்கயும் ஒடியவே இல்லியே."

"அப்ப முடியாதுங்கீங்க."

"முடியாதுன்னு சொல்லல. எனக்குப் புரியல."

"ஒங்களுக்குப் புரியலன்னா ஒலகத்துலயே முடியாதுன்னுல்ல அர்த்தம்" என்றாள் அவள். கண்ணாடியில் அவள் சிரிப்பது தெரிந்தது.

வாடிக்கையாளர் வேஷத்தில் போவதென்று முடிவாகியிருந்தது. புது வீடு கட்டும் புருஷன் பெண்டாட்டி. வேஷத்தை யோசித்தவன் திம்மராயன். அதற்காகக் காலையில் சட்டையைக்கூட இஸ்திரி போட்டிருந்தான்.

ஷெட் கதவைத் திறந்தவனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நெட்டையான ஆள். சுருட்டை முடி முழுக்க மரத்தூள். சிரித்தால் ஷெட்டில் ஒரு டியூப் லைட் கூடுதலாக எரிந்த மாதிரி இருந்தது. பொற்கொடி அவனை ஒரு நொடி பார்த்தாள். பிறகு தெளிவாகச் சொன்னாள்.

"வணக்கங்க. வீட்டுக்குக் கதவு பாக்க வந்தோம். இவரு எங்க அண்ணன்."

திம்மராயனின் இஸ்திரிச் சட்டை அந்த இடத்திலேயே கசங்கியது.

"வாங்க, வாங்க. அண்ணே, அந்த ஸ்டூல்ல உக்காருங்க. தூளு ஒட்டும், பாத்து" என்றான் சக்தி. அண்ணனுக்கு ஸ்டூல். தங்கைக்கு மட்டும் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டான்.

மிஷின் சின்னதுதான். இரண்டடிப் படுக்கை, மேலே குறுக்காக ஒரு பாலம், பாலத்தில் தொங்கும் உளி, பக்கத்தில் மஞ்சள் பூத்த பழைய கம்ப்யூட்டர். படுக்கையின் முன்பாதியை ஒரு பெட்ஷீட் மூடியிருந்தது. 'பேரு என்னங்க?' என்று கேட்டுவிட்டு சக்தி ஒரு துண்டு மரத்தை வைத்தான். கீபோர்டைத் தட்டினான். உளி கீச்சிட்டு இறங்கியது. டீ வருவதற்குள் மரத்துண்டில் 'பொற்கொடி' என்ற எழுத்துகளும், அவற்றைச் சுற்றி ஒரு குட்டிக் கொடியும் பூத்துவிட்டன.

"அய்யய்யோ!" என்றாள் அவள், சின்னப் பிள்ளை மாதிரி. "அண்ணே, பாத்தீங்களா? எவ்வளவு அழகா இருக்கு!"

இரண்டு வருஷத்தில் திம்மராயன் பிடித்துக் கொடுத்த திருடர்களில் ஒருவனுக்குக்கூட அவள் இப்படி வாயைப் பிளந்ததில்லை.

"எழுத்து கொஞ்சம் சாய்வா இருக்குது" என்றான் திம்மராயன்.

"அது அந்த எழுத்தோட அழகுண்ணே" என்றான் சக்தி.

"சரி, அந்த டாக்டரம்மா வீட்டுக் கதவு இதுலயா செஞ்சீங்க?"

"இதுலதான்."

"இத்தனூண்டு படுக்கையில ஏழடி எப்படி?"

சக்தி சிரித்தான். "சாப்பாடு நல்லாருந்தா வயிறாரச் சாப்பிடுங்கண்ணே. அடுப்பங்கரைக்குள்ள மட்டும் வராதீங்க. எட்டடிக்காரங்களுக்குத் தெரிஞ்சா எனக்கு அடுப்பே இருக்காது."

பொற்கொடி அதற்கும் சிரித்தாள். அது அவ்வளவு பெரிய நகைச்சுவை இல்லை என்பது திம்மராயனின் தீர்மானமான அபிப்பிராயம். "போன் பண்ணிட்டு வரேன்" என்று சொல்லி வெளியே வந்தான்.

போனில் பூபதியின் எண்ணை எடுத்தான். 'ரெண்டடில முடியாது.' மூன்று வினாடி வேலை. அவனுக்கும் புரியவில்லை, அந்த ஆளும் சொல்ல மறுக்கிறான், ஒளிக்கிறவனிடம் ஏதோ இருக்கிறது. சொன்னால் பொய் இல்லை. உள்ளேயிருந்து மறுபடியும் அவள் சிரிப்புச் சத்தம். கட்டைவிரல் பச்சைப் பொத்தானின் மேல் போய் நின்றது.

"யாரு பேக்கு... யாரு வேணும் சாமி? சக்தியா?"

ஷெட்டை ஒட்டிய தோட்டத்திலிருந்து ஒரு பெண் நிமிர்ந்தாள். இடுப்பில் செருகிய சேலை, கையில் சணல் உருண்டை. ஷெட்டின் சொந்தக்காரி, கன்னடம் கலந்து பேசும் கெம்பம்மா. ஷெட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, பக்கத்து நிலத்தில் தக்காளி போட்டிருக்கிறவள்.

"உள்ளதான் இருக்காரு" என்றான் திம்மராயன்.

"ரொம்ப ஒள்ளெ மனுஷன், நல்லவரு" என்றாள் அவள், யாரும் கேட்காமலே. "பாரு, செடி கட்றதுக்கு அவரே கொம்பு கொடுத்தாரு. சும்மா இல்ல, சணல் கோக்கறதுக்குத் துளையும் போட்டுக் கொடுத்தாரு. எந்த வாடகைக்காரன் செய்வான்?"

இதற்குள் பொற்கொடியும் வெளியே வந்துவிட்டாள். "பாருங்க சார். தக்காளிச் செடிக்குக்கூட துளை போட்டுக் குடுக்கற மனசு. சிலபேரு ஒரு டீயச் சொல்லிட்டு அதுக்கே வெளக்கம் குடுப்பாங்க."

திம்மராயன் போனைச் சட்டைப்பையில் போட்டான். சக்தியின் மேல் திடீரென்று அன்பு வந்துவிடவில்லை. செல்வத்தின் நினைவும் அந்த நேரத்தில் வரவில்லை என்பதுதான் உண்மை. அவனுக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது. இந்த ஆள் அவ்வளவு நல்லவனாக இருக்க முடியாது. தக்காளிச் செடிக்கு எவனாவது துளை போட்டுக் கொடுப்பானா? அதில் என்ன லாபம்?

தோட்டத்துக்குள் இறங்கிக் கொம்புகளைப் பார்த்தான். பொறாமைக்காரனின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. இரண்டு விரலகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நான்கு பட்டைகள், ஆளைவிட உயரமாக, செடி வரிசைகளின் முனைகளில் நின்றன. மரம் வேங்கை. தக்காளிக்கு வேங்கை! ஒவ்வொன்றின் ஒரு விளிம்பு இழைத்தது, மறு விளிம்பு ரம்பம் அறுத்தது. ஏதோ அகலமான பலகையின் இரண்டு ஓரங்களிலிருந்து அறுத்தெடுத்த கழிவு. துளைகள் கைத்துளைக்கருவியால் போட்டவை அல்ல. அச்சில் வார்த்த மாதிரி வட்டம், பிசிறு இல்லை.

அவன் குனிந்து சணலைப் பார்த்தான். ஒரு கொம்பின் துளையிலிருந்து எதிர்க் கொம்பின் துளைக்கு இழுத்துக் கட்டியிருந்த சணல் மட்டப்பலகை வைத்த மாதிரி ஓடியது. அதற்கு மேலே இருந்த சணலும் அப்படியே. அதற்கும் மேலே இருந்ததும்.

"கெம்பம்மா, இத நடும்போது மட்டம் பாத்தீங்களா?"

"தக்காளிக்கு யாரு மட்டம் பாப்பாங்க? ஒரே ஆழத்துக்குக் குழி தோண்டி நட்டேன். அவ்ளோதான்."

டேப்பை எடுத்தான். துளைக்கும் துளைக்கும் நடுவே ஒன்றேமுக்கால் அடி. அடுத்ததற்கும் ஒன்றேமுக்கால். எதிர்க் கொம்பிலும் ஒன்றேமுக்கால். சணல் கட்டுவதற்கு ஒருவன் துளை போட்டால் கண்ணால் பார்த்துப் போடுவான். மயிரிழை பிசகாமல் போட மாட்டான்.

"மூணு துளைன்னா நாலு பங்கு. நாலு ஒன்றேமுக்கால் எவ்வளவு?" என்றான் மெதுவாக.

பொற்கொடி விரல் விட்டாள். "ஏழு." விரல்கள் அப்படியே நின்றன. "சார்... ஏழடி!"

"துளை தக்காளிக்காகப் போட்டது இல்ல. போட்ட துளை தக்காளிக்கு உதவுது. அவ்வளவு நல்லவன் ஒண்ணும் கெடயாது" என்றான் திம்மராயன். அவனுக்கு வெகு திருப்தியாக இருந்தது. அடுத்த கணம்தான், தான் இப்போது கண்டுபிடித்தது என்னவென்று உறைத்தது. அந்த ஆள் நல்லவனா என்பது தெரியவில்லை. ஆனால் கெட்டிக்காரன். தனக்குத் தோன்றாத ஒன்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது.

டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டான். பிறகு டாக்டர் லாவண்யாவுக்குப் போன் போட்டான்.

"மேடம், ஒரு சின்ன உதவி. கதவுல கீழருந்து ஒன்றேமுக்கால் அடி உயரத்துல, கொடித் தண்டு மேல நகத்த வச்சு மேல் பக்கமா இழுத்துப் பாருங்க."

டாக்டர் கதவருகே போவது கேட்டது. "வழவழன்னுதான்... இருங்க. ஆமா, லேசாத் தட்டுது! கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே?"

"தெரியாது மேடம். நகத்துக்கு மட்டுந்தான் தெரியும். அங்கருந்து இன்னொரு ஒன்றேமுக்கால் மேல பாருங்க."

"இங்கயும் தட்டுது. ஏன், கதவுல ஏதாச்சும் கோளாறா?"

"கோளாறே இல்ல" என்றான் திம்மராயன். அதைச் சொல்லும்போது வேப்பங்காயைக் கடித்த மாதிரி இருந்தது. எட்டடிப் படுக்கையில் ஒரே மூச்சில் வெட்டியிருந்தால் நகம் எங்கும் தட்டாது.

அடுத்த போன் பூபதிக்கு. "உடனே வாங்க. செல்வத்தையும் கூட்டிக்கிட்டு வாங்க."

பூபதி காரிலிருந்து இறங்கும்போதே ஷெட்டை ஏற இறங்கப் பார்த்தார். பின்னால் செல்வம் தலை குனிந்து நின்றான். இவர்களைக் கண்டதும் சக்தியின் சிரிப்பு அணைந்தது.

"இவங்க..."

"நாங்க கதவு பாக்க வரல" என்றான் திம்மராயன். "டாக்டரம்மா வீட்டுக் கதவ செல்வம் முதலாளி மிஷின்ல திருட்டுத்தனமா வெட்டிக் கொடுத்ததா இவரு சொல்றாரு. இன்னும் கொஞ்ச நேரத்துல போலீசு."

"செல்வத்தையா?" சக்தி அவனைப் பார்த்தான். "ஏன்டா, சொல்லித் தொலைக்கறதுதானே?"

"உன் ரகசியத்த எங்க முதலாளிகிட்ட எப்படிண்ணா சொல்றது?" என்றான் செல்வம். "யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் வாங்கினியே."

சக்தி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பெட்ஷீட்டை உருவி எறிந்தான். அவ்வளவு நேரம் பொத்திப் பொத்தி வைத்த அடுப்பங்கரை எல்லார் முன்னாலும் திறந்து கிடந்தது. நல்லவனாகவும் இருந்து தொலைத்தான். பொற்கொடி சக்தியைப் பார்த்த பார்வையை, திம்மராயன் பார்க்காமல் இருக்க முயன்றான்.

படுக்கையின் முன்விளிம்பில், இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக, சுண்டுவிரல் கனத்தில் இரண்டு இரும்பு முளைகள் நின்றன. வேறொன்றும் இல்லை.

"ரெண்டு ஆணி. இதான் ரகசியமா?" என்றார் பூபதி.

"இதான்" என்றான் திம்மராயன். கெம்பம்மாவிடம் கெஞ்சி வாங்கிய ஒரு கொம்பைப் படுக்கையில் வைத்தான். ஒரு துளை இடது முளையில் 'டக்'கென்று உட்கார்ந்தது. இறுக்கமும் இல்லை, ஆட்டமும் இல்லை. "இப்ப உளிய, துளை போடற இடத்துக்குக் கொண்டுபோங்க. நீங்க வழக்கமாப் போடற இடம்."

சக்தி கீபோர்டைத் தட்டினான். பாலம் உருண்டு படுக்கையின் பின்பக்கம் போனது. உளி சுழன்றபடி இறங்கியது. எல்லாரும் மரம் கிறீச்சிடுவதற்குக் காத்திருந்தார்கள். கிறீச்சிடவில்லை. அடுத்த துளைக்குள், மரத்தைத் தொடாமல், வெறும் காற்றில் இறங்கி நின்றது உளி.

செல்வம் மூச்சை விட்டான்.

பூபதி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரவழைத்த எட்டடியும், அதனால் கிடைத்த பெயரும் அவர் முகத்தில் ஒன்றாக வாடின. "அப்படின்னா," என்றார், "இது எத்தனை அடி மிஷின்?"

"பலகை எத்தனை அடியோ அத்தனை அடி."

"கையாலதானே தள்றான்? பிசகாம எப்படிங்க நிக்கும்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. புரியலைன்னா நான் இவன விடமாட்டேன்" என்று செல்வத்தைக் காட்டினார்.

"நீங்களே சொல்லுங்கண்ணே" என்றான் சக்தி. "நான் செய்வேன். சொல்லத் தெரியாது."

'அண்ணே' மறுபடியும் போய்த் தைத்தது. பொற்கொடி நாற்காலி நுனிக்கு வந்து கன்னத்தில் கை வைத்துக் காத்திருந்தாள். இன்னொருவனின் கெட்டிக்காரத்தனத்தைத் தன் வாயாலேயே எடுத்துச் சொல்ல வேண்டும். திம்மராயன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நிதானமாக, ஒன்றையும் குறைக்காமல் சொன்னான்.

"பலகைய வேணுங்கறதவிட ரெண்டு பக்கமும் கொஞ்சம் அகலமா எடுத்துக்கணும். முதல் ஒன்றேமுக்கால் அடியச் செதுக்கி முடிச்சதும் பலகைய அவுக்கக் கூடாது. அது கட்டுன எடத்துல இருக்கும்போதே, இதே உளிய வச்சு, பின்பக்கம் ரெண்டு ஓரத்துலயும் ஒவ்வொரு துளை போடணும். அப்புறம்தான் அவுத்து, முன்பக்கமா இழுத்து, அந்த ரெண்டு துளையும் இந்த ரெண்டு முளையில உக்கார்ற மாதிரி மாட்டணும். முளை நிக்கிற குழியும் இதே உளி போட்டதுதான். அதனால எவ்வளவு நகந்துச்சுன்னு மனுஷன் அளக்க வேண்டியதே இல்ல, மிஷினே அளந்துடுச்சு. ஒரு முளைன்னா பலகை சுத்தும். ரெண்டு முளைன்னா சாயக்கூட முடியாது. செதுக்கணும், துளை போடணும், இழுத்து மாட்டணும், மறுபடி செதுக்கணும். கடைசியில துளை இருக்கற ஓரத்த அறுத்துப் போட்டுட்டா கதவுல துளையோட தடயமே இருக்காது. படுக்கைக்கு வெளிய நீட்டிக்கிட்டிருக்கற பலகை தொங்கி முளையிலருந்து கழண்டுடாம இருக்க, ஒரு ஆளு தாங்கிப் பிடிக்கணும். ஞாயித்துக்கிழமை செல்வம் செஞ்சது அது ஒண்ணுதான்."

"புரிஞ்சிடுச்சுங்க" என்ற பூபதி, போலீஸ் பேச்சை அதோடு விட்டுவிட்டு, செல்வத்துக்குக் கார் கதவைத் திறந்துவிட்டார்.